கான் வெட்டும்போது கிடைத்த உருண்டைக் கல்: முட்டையா, பாறையா?

மூடுபனி (அப்புத்தளை) | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன், இஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை. டைனோசர் பைத்தியம் எனக்குப் பன்னிரண்டு வயதில் பிடித்தது. டவுன் நூலகத்தில் சிங்களத்தில் ஒரு படப் புத்தகம் இருந்தது. தமிழில் அந்த மாதிரி ஒன்றும் இல்லை. நான் எழுத்துக்கூட்டிச் சிங்களம் படித்ததே அந்தப் புத்தகத்துக்காகத்தான். அதில் இருந்த பெயர்களை எல்லாம் தமிழ் எழுத்தில் ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைத்தேன். இப்போது ஐந்தாவது கொப்பி ஓடுகிறது.

விசயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஆறாம் நம்பர் மலையில் தண்ணீர் வடியக் கான் வெட்டிய ஆட்கள் ஒரு கல்லை எடுத்து வந்து என்னிடம் தந்தார்கள். "நீதானே இதெல்லாம் தேடுறவன்" என்றார்கள். முட்டை வடிவம். ஒரு சாண் நீளம். கொழுந்து நிறுக்கும் தராசில் வைத்தேன், ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. மேலே மஞ்சளும் பழுப்புமாக ஓடு மாதிரி ஒன்று. நகத்தால் நெம்பினால் பிஸ்கட் போல உதிர்கிறது. அதற்குக் கீழே இன்னொரு ஓடு, அதற்கும் கீழே இன்னொன்று. மூன்று உரித்த பிறகு உள்ளே கரும்பச்சையாகக் கெட்டிக் கல்.

இலங்கையில் டைனோசர் எலும்பு இதுவரை பதிவாகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் படிக்கிற மகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கு இரண்டு கேள்வி. இது என்ன? அப்புறம், நம் மலையில் ஏன் ஒன்றுமே கிடைப்பதில்லை?

பாறைவாத்தியார் (பண்டாரவளை) | ஞாயிறு, இரவு 9.25

தம்பி, மறுமொழி சொல்லுமுன் மூன்று விசயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, அதே இடத்தில் இதைப் போல வேறு கற்கள் இருக்கின்றனவா? இரண்டு, உள்கல்லில் ஒரு மூலையை உடைத்து வெயிலில் பிடித்தால் மணிமணியாகத் தெரிகிறதா, இல்லை மண் இறுகியது போல மொத்தையாக இருக்கிறதா? மூன்று, ஓட்டின் மேல் ஊசி குத்தியது போலத் துளைகள் உண்டா? முட்டை ஓடு என்றால் உள்ளே இருக்கும் குஞ்சு மூச்சு விடத் துளை இருக்க வேண்டும். கோழி முட்டைக்கும் அப்படித்தான், டைனோசர் முட்டைக்கும் அப்படித்தான்.

மூடுபனி (அப்புத்தளை) | திங்கள், மாலை 6.10

சேர், வேலை முடிந்து போய்ப் பார்த்தேன். கானின் சுவரில் இன்னும் ஐந்து இருக்கின்றன. இரண்டு தனியாக இல்லை, பெரிய பாறையோடு ஒட்டியே இருக்கின்றன, பாதி உரித்த மாதிரி. உடைத்த முகம் எண்ணெய் தடவியது போல மினுங்குகிறது. மணிமணியாகத்தான் இருக்கிறது, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. நடுவில் சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஓட்டில் துளை இல்லை, மகளுடைய பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டேன்.

பாறைவாத்தியார் (பண்டாரவளை) | திங்கள், இரவு 9.50

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டும்தான் பதில். அது முட்டை இல்லை தம்பி. பாறை வெடிப்புகள் வழியாக மழைத் தண்ணீர் இறங்கும்போது மூலைகள் இரண்டு மூன்று பக்கத்திலிருந்து நனைகின்றன, அதனால் முதலில் மூலைகள் உக்கிப்போகின்றன. சதுரமாக இருந்த துண்டு உருண்டையாகிறது. பிறகு வெங்காயம் உரிவது போலத் தோல் தோலாகக் கழன்று வரும். நம் மலையில் வீதி வெட்டிய மண் சுவர்களைக் கவனித்துப் பாருங்கள், செம்மண்ணுக்குள் இப்படி உருண்டைகள் பல இடங்களில் இருக்கும்.

நீங்கள் சொல்லும் எண்ணெய் மினுக்கத்தை வைத்துப் பார்த்தால் கல் சார்னக்கைட் ஆக இருக்கும். சிவப்புப் புள்ளி கார்னெட் என்ற கனிமம். சார்னக்கைட் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. கொல்கத்தாவில் யோப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு மேல் வைத்த கல், சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியிலிருந்து போனது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லுக்குக் கல்லறைக்காரரின் பெயரையே வைத்தார். ஆக உங்கள் ஆறாம் நம்பர் மலையும் பரங்கிமலையும் ஒரே இனத்துக் கல்.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. மலையகத்தின் கற்களில் ஒரு பகுதி ஒரு காலத்தில் கடலடிச் சேறு, மணல், சுண்ணாம்பு. சேறுதான் கொண்டலைட் ஆயிற்று, மணல் படிகக்கல்லாயிற்று, சுண்ணாம்பு மாத்தளைப் பக்கம் வெட்டுகிறார்களே, அந்தப் பளிங்காயிற்று. அந்தச் சேறு படிந்து ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள். அப்போது உலகத்தில் எலும்புள்ள உயிர் எதுவும் கிடையாது, நுண்ணுயிர்கள்தான். அதற்குப் பிறகு, 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி, கொண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒன்றுசேர்ந்தபோது இந்தப் பாறைகள் 25, 30 கிலோமீற்றர் ஆழத்துக்கு அமுங்கி, 700, 800 பாகை செல்சியசுக்கு மேல் வெந்தன. அதில் எந்தச் சுவடும் மிஞ்சாது. டைனோசர் வந்தது ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். அடுப்பு அணைந்து வெகு காலம் கழித்து.

சரி, வந்த டைனோசர் இங்கே செத்திருக்காதா என்று கேட்பீர்கள். செத்தால் போதாது, அதை மூடச் சேறு வேண்டும். நம் மலை அந்தக் காலத்தில் அரித்துக்கொண்டிருந்த மேடு. மேட்டில் எதுவும் தங்காது, எல்லாம் ஆற்றோடு போய்விடும். அவை நடந்த தரையே இன்று இல்லை.

மூடுபனி (அப்புத்தளை) | திங்கள், இரவு 11.05

சேர், நான் ஏமாந்துபோவேன் என்று நினைத்திருந்தேன், ஆனால் ஏமாற்றமே இல்லை. "நடந்த தரையே இன்று இல்லை" என்பதைத்தான் இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருபது வருசமாக நான் இந்த மலைக்குள் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியது இதற்கு மேலே, ஆகாயத்தில் இருந்திருக்கிறது. அரித்துப் போன அந்த மண் எங்கே போய்ச் சேர்ந்தது? அது எங்காவது படிந்திருக்க வேண்டுமே?

பாறைவாத்தியார் (பண்டாரவளை) | செவ்வாய், காலை 5.30

சரியான கேள்வி. ஒரு பங்கு கடலுக்குள். மன்னார் வளைகுடாவின் அடியில் கிலோமீற்றர் கணக்கில் படிவு இருக்கிறது, டைனோசர் காலத்துப் படிவும் அதில் உண்டு. நம் கைக்கு எட்டுகிற இடம் என்றால் புத்தளம் மாவட்டம். புத்தளம் அனுராதபுரம் வீதியில் தப்போவக் குளத்துப் பக்கமும், தெற்கே ஆண்டிகமப் பக்கமும் நிலம் பிளந்து இறங்கிய சிறு பள்ளங்களில் ஜுராசிக் காலத்து அடையற் பாறை தப்பிப் பிழைத்திருக்கிறது. அதில் இலைகளின் உயிர்ச்சுவடுகள் உண்டு. சீவர்ட், ஹொல்ட்டம் என்ற தாவர அறிஞர்கள் 1922இலேயே அவற்றை விவரித்து எழுதிவிட்டார்கள். டைனோசர் தின்ற காலத்து இலை நம் நாட்டில் இருக்கிறது, தின்ற வாய்தான் இன்னும் கிடைக்கவில்லை.

அரியலூர்ப் பெண் (தமிழ்நாடு) | செவ்வாய், காலை 10.15

மூடுபனி அண்ணா, நீங்க தூங்காம இருந்த இரவை எங்க பக்கத்து ஊரே ஒரு தடவை அனுபவிச்சிருக்கு. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் ஒரு குளத்தில் மண் எடுத்தப்போ பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று படம் ஊரெல்லாம் பரவிவிட்டது. புவியியலாளர்கள் வந்து பார்த்து, அவை கடல் படிவு உருண்டு திரண்ட கட்டிகள், உள்ளே அம்மோனைட் இருக்கும் என்று சொன்னார்கள். எங்களுக்கு அதில் வருத்தம் இல்லை. அம்மோனைட் என்ன குறைந்த பொருளா? கணவாயின் உறவுக்கார உயிர், சுருண்ட ஓடு, டைனோசர் போன அதே காலத்தில் தானும் போய்ச் சேர்ந்தது. சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டும் குழிகளில் சிறு வயதில் நான் பார்த்த முதல் அம்மோனைட் சோற்றுத் தட்டு அளவு இருந்தது.

ஆனால் எங்கள் பக்கம் உண்மையான டைனோசரும் உண்டு. அரியலூர்ப் பகுதியில் கல்லமேடு என்று ஓர் இடம். 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற புவியியலாளர்கள் அங்கே கிடைத்த எலும்புகளுக்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பிருகத் காயம், அதாவது மாபெரும் உடல். கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த எலும்பு இன்று இல்லை. ஈரக் களிமண்ணில் ஊறிப்போய் எடுத்ததும் நொறுங்கிவிட்டது. மிச்சம் இருப்பது தோண்டிய நாளில் எடுத்த படங்கள். 2022இல் அவை வெளியான பிறகுதான், அது எலும்பா மரமா என்று சந்தேகப்பட்டவர்களில் பலர் வாயை மூடினார்கள். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். எடுக்கும் முன் படம். பக்கத்தில் ஓர் அளவுகோல், அது இல்லையென்றால் ஒரு நாணயம்.

குழிக்காரன் (இரத்தினபுரி) | செவ்வாய், இரவு 7.45

அந்தத் தங்கச்சி சொல்வதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு கனத்துப் போனது. நான் பிறந்தது பலாங்கொடைப் பக்கத் தோட்டம். மாணிக்கக் குழியில் பதினேழு வருசம் வேலை செய்தேன். எங்கள் குழிகளில் மேல்மண், அதற்குக் கீழே களி, அதற்குக் கீழே இல்லம் என்று சொல்லும் சரளை. கல் அந்தச் சரளையில்தான் இருக்கும். ஒரு நாள் கூடையில் அரித்துக்கொண்டிருந்தபோது கை முட்டி அளவு கறுப்பாக ஒன்று வந்தது. கழுவினால் பல். மேல் முகத்தில் அரச இலை வளைவு மாதிரி தேய்ந்த கோடுகள். யானைப் பல் தட்டையாகச் சீப்பு மாதிரி இருக்கும், அது எனக்குத் தெரியும். இது வேறு. குழி முதலாளி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மாணிக்கம் இல்லாத எதற்கும் நேரம் இல்லை என்று மண் குவியலில் போட்டார். மறுநாள் அந்தக் குவியலை வைத்தே பழைய குழியை மூடிவிட்டோம்.

எட்டு வருசம் கழித்து இரத்தினபுரி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போனேன். அங்கே கண்ணாடிக்குள் அதே கோடு போட்ட பல். நீர்யானை என்று எழுதியிருந்தது. நம் சப்பிரகமுவவில் நீர்யானை! வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். என் கையில் ஒரு பத்து நிமிடம் இருந்த பொருள்.

பாறைவாத்தியார் (பண்டாரவளை) | செவ்வாய், இரவு 8.30

குழிக்காரன் தம்பி, உங்கள் குழிகள்தான் இந்த நாட்டின் பெரிய உயிர்ச்சுவடுப் பெட்டகம். 1939 முதல் 1963 வரை கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல அந்தச் சரளையிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்று ஒரு காட்டையே திரும்ப எழுப்பினார். குருவிட்டையில் கிடைத்த பற்களை வைத்து 1939இல் இலங்கைச் சிங்கத்துக்கும் பெயர் வைத்தார். பிற்காலத்தில் புலியின் எலும்பும் பல்லும் அந்தப் பகுதியிலிருந்து அடையாளம் காணப்பட்டன. டைனோசர் போய்ப் பல கோடி ஆண்டுகள் கழித்து வந்தவை இவை. ஆனால் நம் ஆட்கள் கையால் தோண்டிய குழியிலிருந்து வந்தவை.

வலிகாமம் (யாழ்ப்பாணம்) | புதன், மதியம் 1.20

எங்கட பக்கமும் ஒரு வரி. யாழ்ப்பாணத்துக் கிணறு வெட்டின கல்லைப் பார்த்தால் சிப்பியும் பவளமும் அப்படியே இருக்கும். டைனோசர் காலத்துக்குப் பிந்திய மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். எங்கள் வீட்டு மதிலில் ஒரு சிப்பியின் அச்சு இருக்கிறது, சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது அதில் விரலை வைத்துவிட்டுத்தான் போவேன். மலையகத்து ஆட்கள் வந்தால் காட்டுகிறேன்.

மூடுபனி தம்பி, ஒன்று கேட்கலாமா? இன்னொரு இழையில் நீங்கள் "கோழி ஒரு டைனோசர்" என்று எழுதியதைக் கண்டேன். டைனோசரின் வழிவந்தது என்றால் ஒத்துக்கொள்வேன். கோழியே டைனோசர் என்பது கொஞ்சம் கூடிப்போனதாகப் படுகிறது.

மூடுபனி (அப்புத்தளை) | புதன், இரவு 9.15

ஐயா, நீங்கள் கேட்டது எனக்குச் சந்தோசம். இதற்கு நான் படித்ததைவிட வெட்டியதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு வீட்டில் கோழி அடித்தோம். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காலைக் காட்டினேன். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று, மேலே செதில் அடுக்கடுக்காக. காலை மடக்கினால் உள்ளே நரம்பு இழுத்து நகம் தானாக மூடுகிறது. அதற்குப் பிறகு நெஞ்சுக்கு மேலே கவட்டை மாதிரி இருக்கும் எலும்பை எடுத்துக் கழுவி அவள் கையில் கொடுத்தேன். அந்தக் கவட்டை எலும்பு டைரனோசாரசுக்கும் உண்டு. எலும்புக்குள் காற்றறை உண்டு, அதற்கும் உண்டு, இதற்கும் உண்டு. முட்டையில் உட்கார்ந்து அடை காத்த நிலையிலேயே புதைந்துபோன டைனோசர்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 1996இல் சீனாவில் கிடைத்த சினோசோராப்டெரிக்ஸ் உடம்பெல்லாம் மயிர் போன்ற இறகு. 2010இல் அந்த இறகின் நிறத்தைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள்: செம்பழுப்பு, வாலில் வெள்ளை வளையங்கள்.

"வழிவந்தது" என்று மட்டும் சொன்னால் என்ன குறை என்று கேட்கிறீர்கள். வௌவால் பறக்கிறது, அதற்காகப் பாலூட்டியின் வழிவந்தது என்று சொல்லி நிறுத்துவோமா? பாலூட்டி என்றுதானே சொல்கிறோம். பறவை டைனோசர் மரத்தில் ஒரு கிளை, தனி மரம் இல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்தபோது மற்றக் கிளைகள் போயின, இந்தக் கிளை நின்றது.

காலையில் ஐந்தரைக்கு இஸ்டோருக்குப் போகும்போது பனிக்குள்ளிருந்து காட்டுக்கோழிச் சேவல் ஒன்று பாதையைக் கடக்கும். செம்மஞ்சள் கழுத்து, சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள். இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. ஒரு காலைத் தூக்கி, விரல்களைச் சுருட்டி, நின்று பார்த்து, அப்புறம் வைக்கும். அதைப் பார்க்கும்போது நான் படம் பார்ப்பதாக நினைப்பதில்லை ஐயா. உண்மையான ஒன்றைப் பார்க்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

வலிகாமம் (யாழ்ப்பாணம்) | புதன், இரவு 10.40

வௌவால் உவமானம் என்னை யோசிக்க வைத்துவிட்டது. பேச்சு வழக்கில் நான் இன்னும் பறவை என்றுதான் சொல்வேன், அது மாறாது. ஆனால் கூடிப்போனது என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பன்னக்காடு (ஹக்கலை) | வியாழன், மாலை 4.50

இந்த இழையை நேற்று முழுக்க வாசித்தேன். நான் தாவரவியல் படிக்கிறவள், அதனால் ஒன்று சேர்க்கிறேன். மலையகத்தில் டைனோசர் காலத்தைத் தேடுபவர்கள் கல்லை மட்டுமே பார்க்கிறீர்கள். மரப் பன்னத்தைப் பாருங்கள். ஓர்ட்டன் சமவெளிக்குப் போகிற வழியில், ஓடைக் கரைகளில், குடை விரித்தது போல நிற்குமே, அதுதான். விதையும் பூவும் இல்லாமல் இலைக்கடியில் வித்தி வைத்துப் பரவும் அந்தக் குடும்பம் ஜுராசிக்கிலும் நின்றது. புது இலை சுருண்டு வெளியே வரும்போது மயிர் மூடிய முஷ்டி மாதிரி இருக்கும், தொட்டால் பூனைக்குட்டி. பேராதனைப் பூங்காவில் சாய்ந்து சாய்ந்து நிற்கும் குக் பைன் வரிசை அரோக்காரியா இனம். மரம் வெளியிலிருந்து வந்து நட்டதுதான், ஆனால் அந்தக் குடும்பத்தின் பழைய உறவினர்களைத்தான் நீள்கழுத்து டைனோசர்கள் மேய்ந்தன. அங்கேயே சைக்கஸ் மரங்களும் உண்டு. மூடுபனி அண்ணே, மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் ஹக்கலைக்கு வாங்க, பன்னங்கள் வைத்திருக்கும் பகுதியைச் சுற்றிக் காட்டுகிறேன்.

குழிக்காரன் (இரத்தினபுரி) | வியாழன், இரவு 8.05

முதலில் இரத்தினபுரி, அப்புறம் ஹக்கலை. பள்ளி லீவு வருகிறதே. தம்பி, மகளோடு வாங்க, அந்த நீர்யானைப் பல்லை நான் காட்டுகிறேன். பழைய குழி மூடிய இடத்தையும் காட்டுகிறேன். இப்போது அதற்கு மேல் வாழை நட்டிருக்கிறார்கள்.

மூடுபனி (அப்புத்தளை) | சனி, இரவு 7.30

வருகிறோம் அண்ணே. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவிச்சரிதவியல் துறையில் கல்லின் ஒரு துண்டைக் காட்டலாம் என்று சேர் தனியாகச் சொன்னார், அதை அடுத்த மாதம் பார்ப்போம். கானில் இருந்த மற்ற ஐந்தையும் எடுக்கவில்லை. அரியலூர்த் தங்கச்சி சொன்ன மாதிரி ஐந்து ரூபாய்க் குற்றி வைத்துப் படம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன், பாறையோடு ஒட்டியிருப்பதை மற்றவர்களும் பார்க்க வேண்டும்.

என்னிடம் இருந்த கல் இப்போது மகளுடைய வகுப்பில் இருக்கிறது. உரித்த மூன்று ஓட்டையும் ஒரு பழைய தீப்பெட்டியில் போட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அட்டையில் அவளே எழுதினாள்: "சார்னக்கைட். ஆறாம் நம்பர் மலை. ஆறு கிலோ. முட்டை இல்லை. தொட்டுப் பார்க்கலாம்."

குழிக்காரன் (இரத்தினபுரி) | சனி, இரவு 7.52

பெரகலையில் கொழும்பு பஸ் ஏறுங்கள், 99. ஆறு மணிக்கு முன்னால் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். மகளுக்கு மலை இறக்கத்தில் தலை சுற்றும், தேசிக்காய் ஒன்று கையில் கொடுங்கள். நான் அருங்காட்சியக வாசலில் நிற்பேன்.